ரைஸ் மில்லில் பிறந்த ஹைஸ்கூல்

பள்ளிக்கூட உத்தியோகத்தில் பாடம் நடத்துவதுதான் இருப்பதிலேயே சுலபமான வேலை. பாடம் நடத்த ஓர் இடம் பிடிப்பது, அந்த இடத்துக்குப் பிள்ளைகளைப் பிடிப்பது, பிடித்த பிள்ளைகளைச் சாயங்காலம் வரை உட்கார வைப்பது, இவைதான் ஆளைக் கொல்லும். மத்தியானச் சாப்பாட்டோடு சாக்பீஸ் தூளையும் சேர்த்து விழுங்கிய என் சக வாத்தியார்களே, டீச்சர்களே, உங்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இருந்தாலும் என் பங்குக்குப் புலம்பிக்கொள்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் நான் பி.எஸ்ஸி., பி.டி. முடித்துவிட்டுத் திருவள்ளூரில் தினமும் தபால்காரரை எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரியைப் பார்த்துப் போகிற ரோட்டில் ஒரு கிராமம். அங்கே எட்டாவதோடு நின்றிருந்த பள்ளிக்கூடத்தை ஹைஸ்கூல் ஆக்க ஊர்க்காரர்கள் மனு மேல் மனு போட்டு அனுமதி வாங்கிவிட்டார்கள். முதல் வருஷம் ஒன்பதாவது, மறு வருஷம் பத்தாவது, அதற்கடுத்து பதினொன்றாவது, அதாவது எஸ்.எஸ்.எல்.சி. கணக்குக்கும் இங்கிலீஷுக்கும் தலைமையாசிரியர் சாமுவேல் சார். தமிழுக்கு ஒரு புலவர் ஐயா. சயன்ஸுக்கு கோமதி டீச்சர் என்கிற நான். மணி அடிக்க, தண்ணீர் பிடிக்க, எங்கள் மூவரையும் சமாதானம் செய்ய பியூன் முனிரத்தினம். எல்லாரும் தயார். பழைய கட்டடம் எட்டாவது வரைக்கும்தான் போதும், புது வகுப்புக்குக் கட்டடம்தான் இல்லை.

மெஷின் ஓடாத நேரம்

கட்டடம் வரும்வரை வைத்துக்கொள்ளுங்கள் என்று காதர் பாய் தன் ரைஸ் மில் கோடவுனைக் கொடுத்தார். பழவேற்காட்டிலிருந்து வந்து மில் வைத்தவர், நல்ல மனுஷர். கோடவுனும் நல்ல கோடவுன்தான். ஆனால் ஒரே ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் நெல் அரைக்கிற மெஷின். அது ஓட ஆரம்பித்தால் கரும்பலகை நடுங்கும், சாக்பீஸ் தானாக எழுதும், நான் வாயசைப்பதும் பிள்ளைகள் தலையாட்டுவதும் ஊமைக் கூத்து மாதிரி இருக்கும். சாமுவேல் சார் மூன்று நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு டைம்டேபிளைத் திருத்தி எழுதினார். மெஷின் ஓடும்போது எழுத்து வேலை, நின்றால் பாடம். மெஷின் ஓட்டுகிற தணிகாசலத்தின் பீடிதான் எங்கள் பாடவேளையின் நீளம்.

ஒரு நாள் மெஷின் நின்ற இடைவெளியில் மிதப்பு விதி நடத்தினேன். கிரீஸ் தேசத்து விஞ்ஞானி ஒருவர் குளிக்கத் தொட்டியில் இறங்கினார், தண்ணீர் வழிந்தது என்று ரசித்துச் சொல்லிக்கொண்டிருந்தபோதே மெஷின் கத்த ஆரம்பித்துவிட்டது. கதை தொட்டியோடு நின்றது. மறுநாள் காலையில் தவிட்டுத் தூளில் முங்கி எழுந்த மாதிரி ஓர் ஆள் வகுப்பு வாசலில் நின்றான். தணிகாசலம். நாற்பது வயசிருக்கும். கையைக் கட்டிக்கொண்டு கேட்டான்:

"டீச்சர், கிரீஸுன்னு காதுல உழுந்திச்சு, மெஷினப் பத்தித்தான் இன்னாவோ சொல்றீங்கன்னு கேட்டுக்கினு இருந்தேன். தொட்டியில எறங்கினாரே அந்த ஆளு, ஏறினாரா இல்லியா? ராத்திரியெல்லாம் ஒரே பேஜாராப் போச்சு!"

இறா உரிக்கத் தெரியாத பட்டதாரி

அங்கீகாரம் கிடைக்க வேண்டுமானால் ஒன்பதாம் வகுப்பில் முப்பது பேராவது இருக்க வேண்டும் என்று ஆய்வுக்கு வரப்போகிற கல்வி அதிகாரி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குறைந்தால் ஹைஸ்கூலைப் பக்கத்து ஊருக்கு மாற்றிவிடுவார்களாம். எங்களிடம் இருந்தது இருபத்தொன்பது. சாமுவேல் சாரும் நானும் ஏரிக்கரைக் குப்பங்களில் வீடு வீடாகப் போனோம். கன்னியம்மா என்ற அம்மாவின் மகள் தேசம்மா எட்டாவதில் முதல் மார்க் வாங்கிவிட்டு இரண்டு வருஷமாக வீட்டில் இருந்தாள். அம்மாவும் மகளும் ஒரு குவியல் இறாவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"பேசறத வேலை பாத்துக்கினே பேசுங்க" என்று கன்னியம்மா எங்கள் முன்னாலும் ஆளுக்கொரு கை இறாவை அள்ளிப் போட்டாள். நான் படிப்பின் பெருமையை எடுத்துச் சொல்லிக்கொண்டே ஓர் இறாவோடு மல்லாடினேன். தலை தனியாக வந்தது, வால் தனியாக வந்தது, நடுவில் இருக்க வேண்டியது என் புடவையில் இருந்தது. சாமுவேல் சார் ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு மளமளவென்று உரித்துத் தள்ளினார். அவர் சொந்த ஊரும் கடற்கரைதான் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும். தேசம்மா குனிந்தபடி சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். குவியல் தீர்ந்ததும் கன்னியம்மா கையைக் கழுவிக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள்:

"இந்த சாரு சொன்னா நம்பலாம், பொண்ண அனுப்பறேன். ஆனா அம்மா, பதினஞ்சு வருசம் படிச்சிட்டு ஒரு எறாவ முழுசா ஒரிக்கலயே நீ, உன்ன எப்படி கட்டிக் குடுப்பாங்க?"

மூன்றாவது பயணி

ஆள் சேர்ந்தாயிற்று, அடுத்து, சயன்ஸ் சாமான்கள் எங்கே என்று கல்வி ஆபீஸில் கேட்டார்கள். நாங்கள் ஆர்டர் போட்ட பெட்டி எந்த ஸ்டேஷனில் தூங்கிக்கொண்டிருந்ததோ தெரியாது. திருவள்ளூரில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் போய்க் கெஞ்சினேன். பழைய டீச்சர் மனமிரங்கி, இரண்டு குடுவை, ஒரு தராசு, ஒரு முழு எலும்புக்கூடு கொடுத்தார். ஆய்வு முடிந்ததும் பத்திரமாகத் திருப்பித் தர வேண்டும், ஒரு விரல் குறையக்கூடாது. எலும்புக்கூட்டைப் போர்வையில் சுற்றி, முனிரத்தினம் தோளில் சாய்த்துக்கொண்டான்.

பேசின் பிரிட்ஜில் வண்டி மாறியபோது கும்மிடிப்பூண்டி பாசஞ்சரில் நிற்கக்கூட இடமில்லை. எதிரே இருந்த கீரைக்கார அம்மாள் எங்கள் போர்வையைப் பார்த்துவிட்டு, "ஐயோ, காய்ச்சலா? புள்ளைய உக்கார வைப்பா" என்று ஒதுங்கி ஓரடி இடம் கொடுத்தாள். உட்கார வைத்தோம். "நாஷ்டா எதுனா துன்னாரா?" என்று அந்த அம்மாள் பரிவோடு விசாரித்தாள். "துன்னு ரொம்ப நாளாச்சும்மா" என்றான் முனிரத்தினம். பாவி, அதில் ஒரு பொய் இல்லை. மீஞ்சூர் தாண்டியதும் டிரைவர் ஒரு பிரேக் போட்டார். போர்வை நழுவியது. எங்கள் நோயாளி முப்பத்திரண்டு பல்லும் தெரிய அந்த அம்மாள் மடியில் சாய்ந்தார்.

அதற்குப் பிறகு அந்தப் பெட்டியில் நடந்ததை நான் வர்ணிக்க மாட்டேன். அடுத்த ஸ்டேஷனில் கீரைக்கட்டு முதல் கோழிக்கூடை வரை எல்லாம் இறங்கிவிட்டன. விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்க நான் பின்னாலேயே இறங்கி ஓடினேன். அதைப் பார்த்து அவர்கள் இன்னும் வேகமாக ஓடினார்கள். திரும்பி வந்தால் முனிரத்தினம் காலி பெஞ்சில் காலை நீட்டிப் படுத்திருந்தான்.

"டீச்சர், இவர திருப்பிக் குடுக்காதீங்க. எப்ப ட்ரெயின்ல போனாலும் கூட்டிக்கினு போலாம், இன்னா சவுரியமா எடம் கெடைக்குது பாருங்க!"

இருபத்தொன்பதும் ஒன்றும்

ஆய்வு நாள். மெஷினை நிறுத்தியாயிற்று. எலும்புக்கூட்டுக்குத் தூசு துடைத்தாயிற்று. சாமுவேல் சார் கோட்டு போட்டு வந்து வியர்வையில் நனைந்துகொண்டிருந்தார். அதிகாரி வந்ததும் முதல் காரியமாகத் தலைகளை எண்ணினார். இருபத்தொன்பது. மறுபடி எண்ணினார். அதே இருபத்தொன்பது. தேசம்மாவைக் காணோம். சாமுவேல் சார் என்னைப் பார்த்தார், நான் எலும்புக்கூட்டைப் பார்த்தேன். மூன்று பேர் முகத்திலும் ஒரே களை.

அதிகாரி அடுத்து கேள்விக்குப் போனார். "தண்ணீரில் அமிழ்த்தின பொருள் எடை குறைகிற மாதிரி இருக்கிறதே, எவ்வளவு குறையும்?" பத்து நாள் தொண்டை கிழிய நடத்திய பாடம். ஒரு பிள்ளை கையைத் தூக்க வேண்டுமே! பயத்தில் எல்லாரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது ஜன்னலுக்கு வெளியிலிருந்து கணீரென்று ஒரு குரல்: "அது எத்தினி தண்ணிய ஒதுக்குதோ, அந்தத் தண்ணியோட எடை கொறையும் சார்!" அதிகாரி திடுக்கிட்டுத் திரும்பினார். ஜன்னல் கம்பிகளுக்கு நடுவே தவிடு பூசிய மீசை. "இவர் எந்த வகுப்பு?" என்றார். "மெஷின் வகுப்பு சார்" என்றான் முனிரத்தினம். எனக்கு வேலை போய்விட்டது என்றே முடிவு கட்டிவிட்டேன்.

அதிகாரி சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், பையை மூடினார், எழுந்தும்விட்டார். வாசலில் யாரோ தடதடவென்று ஓடி வருகிற சத்தம். முழங்கால்வரை சேறு, பாவாடை சொட்டச் சொட்ட, நோட்டுப் புத்தகத்தை மட்டும் நனையாமல் தலைமேல் பிடித்துக்கொண்டு தேசம்மா. "ஏன் இவ்வளவு தாமதம்?" என்று அவர் அதட்டினார். மூச்சு வாங்கியபடி அவள் சொன்ன பதிலில்தான் எங்கள் பள்ளிக்கூடம் பிழைத்தது. அவர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்.

"எறா காத்துக்கினு இருக்காது சார். நீங்க இருப்பீங்கன்னு அம்மா சொல்லிச்சு."

தந்தையும் நைனாவும்

எல்லைப் பக்கத்து ஊர் ஆனதால் பாதிப் பிள்ளைகளுக்கு வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ். புலவர் ஐயாவுக்கு இது ரத்தக்கொதிப்பு. லீவு லெட்டரில் "என் நைனாவுக்கு உடம்பு சரியில்லை" என்று எழுதினால் கிழித்துவிடுவார். "தந்தை என்று சொல்! அது தவிர வேறு சொல் என் காதில் விழக்கூடாது!" ஒரு நாள் வீட்டுப்பாடம் எழுதாத கிருஷ்ணய்யாவைப் பிடித்து, "நாளை உன் தந்தையை அழைத்து வா" என்றார். பையன் தலையைக் குனிந்து, "எனக்குத் தந்தை இல்லீங்க ஐயா" என்றான். புலவர் ஐயா கலங்கிவிட்டார். அன்றிலிருந்து அவனை அடிப்பதில்லை, அதட்டுவதில்லை. தன் டிபன் டப்பாவிலிருந்து தினம் இரண்டு இட்லி. தீபாவளிக்கு ஒரு சட்டை.

பெற்றோர் கூட்டத்தன்று ஆறடி உயரத்தில் முறுக்கு மீசையோடு ஒருவர் வந்து, என் மகனுக்கு வயிறாரச் சாப்பாடு போடுகிற மகாராஜன் யார் என்று கேட்டு, புலவர் ஐயாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். ஐயா அந்தப் பிடியில் இருந்தபடியே கிருஷ்ணய்யாவைத் தேடிக் கண்டுபிடித்து, "அடேய், தந்தை இல்லை என்றாயே!" என்று அலறினார். அவன் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"நீங்கதான ஐயா வேற சொல்லு காதுல உழக்கூடாதுன்னீங்க? எனக்கு இருக்கறது நைனா மட்டுந்தான்!"

காலி செய்த நாள்

இரண்டாம் வருஷக் கடைசியில் கட்டடம் வந்தது. ஊரே சேர்ந்து மண் சுமந்து கட்டிய மூன்று அறை. பெஞ்சுகளைத் தலையில் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனோம். கோடவுன் பழையபடி காதர் பாய்க்கு. இரண்டு வருஷமாக நெல் மூட்டைகளை வராந்தாவில் போட்டு மழைக்கும் எலிக்கும் பயந்துகொண்டிருந்தவர். நிம்மதியாக இருப்பார் என்று நினைத்தோம். ஒரு வாரம் கழித்துப் புதுக் கட்டடத்து வாசலில் வந்து நின்றார். உள்ளே வாருங்கள் என்றாலும் வரவில்லை.

"கோடவுன் நெறைய நெல்லு இருக்குது டீச்சர். ஆனா சலாம் சொன்னா ஒரு மூட்டை கூட திருப்பிச் சொல்ல மாட்டேங்குது."

முகூர்த்தமும் முதல் பேப்பரும்

முதல் எஸ்.எஸ்.எல்.சி. செட் இருபத்திரண்டு பேர். பரீட்சை சென்டர் பொன்னேரியில். காதர் பாயின் லாரியில் தணிகாசலம் ஓட்ட, எல்லாரும் விடியற்காலையிலேயே கிளம்பிவிட்டோம். பொன்னேரிக்கு நாலு மைல் இருக்கும்போது லாரி இருமியது, பெருமூச்சு விட்டது, நின்றுவிட்டது. தணிகாசலம் பானெட்டுக்குள் தலையை விட்டவன் வெளியே எடுக்கவே இல்லை. மணி ஒன்பதரை. பத்துக்குப் பரீட்சை. தேசம்மா அழவில்லை, செருப்பில்லாத காலோடு ரோட்டில் நடக்கவே ஆரம்பித்துவிட்டாள். அவள் பின்னால் மற்றவர்களும் ஓடினார்கள்.

அப்போது மேளச் சத்தத்தோடு ஒரு கல்யாண பஸ் வந்தது. நான் நடு ரோட்டில் கையை விரித்து நின்றுவிட்டேன். மாப்பிள்ளையின் அம்மா ஜன்னல் வழியே, "முகூர்த்தம் பத்தரைக்கும்மா, வழிய வுடு!" என்று கத்தினார். மாலை போட்ட மாப்பிள்ளை எட்டிப் பார்த்தார். "எஸ்.எஸ்.எல்.சி.யா? நான் மூணு தபா எழுதினவன். டேய், மேளக்காரங்களும் நம்ம பசங்களும் எறங்குங்கடா, நடந்து வாங்க!" இருபத்திரண்டு பேரும் ஏறினார்கள். யாரோ ஓர் அத்தை வழக்கம் விடாமல் எல்லாருக்கும் பன்னீர் தெளித்து, நெற்றியில் சந்தனம் வைத்தாள்.

கல்யாணம் கோயிலில். பள்ளிக்கூடம் கோயிலைத் தாண்டி அரை மைல். மணி பத்தாகப் பத்து நிமிஷம். "நிறுத்தாத, போ!" என்றார் மாப்பிள்ளை. ஆரத்தித் தட்டோடு காத்திருந்த பெண் வீட்டாருக்கு முன்னால் மாப்பிள்ளை பஸ் நிற்காமல் பறந்தது. நான் பின்கண்ணாடி வழியே பார்த்தேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பெரியவர், அவர் பின்னால் ஏழெட்டுப் பேர், உயிரை விட்டு ஓடி வந்துகொண்டிருந்தார்கள். பிள்ளைகள் இறங்கி ஹாலுக்குள் பாயவும், மணி அடிக்கவும் சரியாக இருந்தது. மாப்பிள்ளை கேட்டுக்குள் நின்று கையசைத்துக்கொண்டிருந்தார். பெண்ணின் அப்பா வந்து சேர்ந்தார். பரீட்சை போர்டைப் பார்த்தார், சந்தனப் பொட்டோடு உள்ளே ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்தார், மாப்பிள்ளையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"மாப்ளே, பாஸாவலன்னு எங்க பொண்ணு ஒரு வார்த்தை சொல்லல. தாலியக் கட்டிட்டு அப்புறமா எழுதிக்கலாம், வாங்க!"

வடை மறைத்த நம்பர்

ரிசல்ட் பேப்பரில் வரும். நம்பர் இருந்தால் பாஸ், இல்லாவிட்டால் இல்லை. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனுக்குக் காலை வண்டியில் வரும் பேப்பரை வாங்க முனிரத்தினத்தை சைக்கிளில் அனுப்பினோம். ஊரே பள்ளிக்கூடத்து வாசலில். ஒன்பது மணிக்கு வந்துவிடலாம், பத்தரைக்கு வந்தான். சாமுவேல் சார் பேப்பரைப் பிரித்து ஒவ்வொரு நம்பராக வாசித்தார். பதினைந்து பேர் பாஸ். கிருஷ்ணய்யாகூட பாஸ், புலவர் ஐயா சுவர்ப்பக்கம் திரும்பி மூக்கைச் சிந்திக்கொண்டார். தேசம்மாவின் நம்பர் இல்லை.

கன்னியம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு மகள் பக்கத்தில் போய் நின்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. பேப்பரைப் பிடுங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கடைசிப் பத்தியின் கீழே, வட்டமாக, ஒரு பெரிய எண்ணெய்க் கறை. நடுவில் கடலைப் பருப்பு ஒன்று ஒட்டியிருந்தது. முனிரத்தினம் மெதுவாகப் பின்வாங்கினான். பருப்பை நகத்தால் சுரண்டினேன். அடியில், எண்ணெயில் மினுமினுவென்று, தேசம்மாவின் நம்பர்! நான் கத்திய கத்தலில் மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் பறந்தன. சாமுவேல் சார் கோட்டைக் கழற்றி வானத்தில் வீசினார். தேசம்மா என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். இந்தக் கூத்தெல்லாம் முடிந்த பிறகு கன்னியம்மா கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு முனிரத்தினத்தைத் தேடிப் போனாள்.

"மூணு வருசம் படிச்சத ஒரு மசால்வடையில மறைச்சிட்டியே, பாவி! பசின்னா எங்கிட்ட சொல்லியிருந்தா ஒரு சட்டி கொழம்பு ஊத்தியிருப்பேனே!"

அக்கா டீச்சர்

தேசம்மா திருவள்ளூரில் எங்கள் வீட்டில் தங்கி டீச்சர் டிரெயினிங் படித்தாள். எழுபதுகளில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கே ஆறாம் வகுப்பு டீச்சராக வந்தாள். சாமுவேல் சார் ரிட்டையராகி, அந்த நாற்காலி அப்போது எனக்கு வந்திருந்தது. முதல் நாள் விறைப்பான கஞ்சிப் புடவையில், கையில் ரிஜிஸ்டரோடு அவள் வகுப்புக்குப் போனதைப் பார்க்க எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஜன்னலோரமாக நின்று ஒட்டுக் கேட்டேன். உள்ளே பாதிப் பிள்ளைகள் அவள் குப்பத்துப் பிள்ளைகள். "அக்கா, தண்ணி", "அக்கா, இவன் கிள்றான்" என்று ஒரே இரைச்சல்.

தேசம்மா மேஜையைத் தட்டினாள். "இங்க யாரும் அக்கா இல்ல. டீச்சர்னு சொல்லணும். மறுபடி அக்கான்னு யாரு சொல்றாங்களோ, அவங்க பெஞ்சு மேல!" வகுப்பு கப்சிப். நான் நிம்மதியாக நகரப் போனேன். முதல் பெஞ்சில் ஒரு குட்டிப் பெண் மரியாதையாக எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு கேட்டது:

"சரிங்க டீச்சர். அக்கா, டீச்சருக்குக் கோவம் எப்ப போவும்?"

இத்தனையும் நடந்த அந்தப் பள்ளிக்கூடத்தின் சரித்திரத்தை ஆண்டு விழா மலருக்காக எழுதச் சொன்னார்கள். "நன்கொடையாளர்களின் பேராதரவாலும் ஆசிரியர்களின் அயராத உழைப்பாலும் இப்பள்ளி படிப்படியாக வளர்ந்தது" என்று ஒரே வரியில் எழுதி, கூச்சமே இல்லாமல் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தவள் நான்தான்.